பிறருக்குக் காது தேடிக்கொடுத்தவர்: அலெக்சிஸ் கோர்னர்



கிதார் கலைஞராக வாழ்க்கையைத் தொடங்கி வானொலி அறிவிப்பாளராக மாறிய ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். பிரிட்டனில் அப்படிப்பட்டவர்கள் சிலர் உண்டு. கென் சைக்கோரா என்ற ஜாஸ் கிதார் கலைஞர் 1950களின் பிற்பகுதியில் பிபிசியில் 'கிதார் கிளப்' என்ற நிகழ்ச்சியை நடத்தினார். கிதாரைத் தொட்டுப் பார்த்திராதவர்களும் அதை விரும்பிக் கேட்டார்கள். அவரைப் பற்றியே பேசியிருக்கலாம். ஆனால் என் மனம் நாடியது அலெக்சிஸ் கோர்னரை. ஜாஸ் குழு ஒன்றில் கிதாருடன் நுழைந்தவர் அவர். பிரிட்டனில் ப்ளூஸ் இசைக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். கடைசி ஆண்டுகளில் ஞாயிறு இரவு தோறும் வானொலியில் பேசினார். 'பிரிட்டிஷ் ப்ளூஸின் தந்தை' என்று அவரைச் சொல்வார்கள். அந்தப் பட்டத்தைவிட அவருடைய அன்றாட வேலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வானொலி அவர் வாழ்க்கையில் எப்போது நுழைந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அறிவிப்பாளர் ஆவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது நுழைந்துவிட்டது.

1962, ஜூலை 12, வியாழக்கிழமை. லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில், ஒரு திரையரங்குக்குக் கீழே இருந்த மார்க்கீ என்ற ஜாஸ் மன்றத்தில் வியாழன் தோறும் கோர்னரின் 'ப்ளூஸ் இன்கார்ப்பரேட்டட்' குழு வாசித்து வந்தது. அந்த வாரம் பிபிசியின் 'ஜாஸ் கிளப்' நிகழ்ச்சியில் வாசிக்க அழைப்பு வந்தது. வானொலி அழைப்பை அந்நாளில் எந்தக் குழுவும் மறுக்காது. ஆனால் பிபிசி ஆறு பேருக்குத்தான் சம்பளம் தரும். குழுவில் அவ்வப்போது பாடிக்கொண்டிருந்த ஒரு மாணவர் ஏழாவது ஆளாகிப்போனார். அவர் பெயர் மிக் ஜாகர். நிலையத்துக்குப் போக முடியாத ஜாகர், தன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு காலியாக இருந்த மார்க்கீ மேடையில் அன்றிரவு ஏறினார். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயரில் அந்தக் குழு முதன்முதலாக மேடை கண்டது அன்றுதான். உலகப் புகழ்பெற்ற ஒரு குழுவின் பிறப்பில் வானொலி நிலையத்துச் சம்பளக் கணக்குக்கும் பங்கு இருந்தது. தன் மேடை ஒரு நாள் காலியானால் அதில் இளையவர்கள் ஏறட்டும் என்று விட்டுக்கொடுத்த மனிதருக்கும் பங்கு இருந்தது.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். கோர்னர் கிதார் வாசித்ததும் வானொலியில் பேசியதும் இரண்டு தொழில்கள் அல்ல. தனக்குப் பிடித்த இசையை, அதை இன்னும் கேட்டிராதவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர் ஆயுள் முழுதும் செய்த ஒரே வேலை. முதலில் கிதாரால் செய்தார், பிறகு மைக்கால் செய்தார்.

1928 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் பிறந்தார். தந்தை ஆஸ்திரிய யூதர், தாய் கிரேக்க வழியினர். சிறுவயது பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, வட ஆப்பிரிக்கா என்று ஊர் ஊராகக் கழிந்தது. 1940இல், பிரான்ஸ் ஜெர்மானியர் கையில் விழுந்த ஆண்டில், குடும்பம் லண்டன் வந்து சேர்ந்தது. விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த நகரம் அது. ஒரு விமானத் தாக்குதலின்போது ஜிம்மி யான்சி என்ற கறுப்பினப் பியானோ கலைஞரின் இசைத்தட்டைக் கேட்டதாகவும், இனி ப்ளூஸ்தான் தன் வாழ்க்கை என்று அப்போதே முடிவாகிவிட்டதாகவும் கோர்னர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சிகாகோ பியானோ கலைஞர் ஒருவரின் இசையை, பாரிஸில் பிறந்த பன்னிரண்டு, பதின்மூன்று வயது அகதிச் சிறுவன் லண்டனில் கேட்கிறான். இசைத்தட்டு இல்லாமல் இது நடந்திருக்காது. வானொலியின் அருமையை அவர் பிறகு உணர்ந்ததற்கும் இதுவே வேர் என்று நினைக்கிறேன்.

பள்ளியில் அவர் அடங்கும் பிள்ளையாக இல்லை. கென்ட் மாவட்டத்தில் டென்டர்டன் அருகே பிஞ்ச்டன் மேனர் என்று ஓர் இடம் இருந்தது. வழக்கமான பள்ளிகளில் ஒட்டாத, மனம் புண்பட்ட பையன்களை ஜார்ஜ் லைவார்டு என்பவர் அங்கே சேர்த்து, தண்டனைகளால் திருத்தாமல் அன்பாலும் பொறுமையாலும் வளர்த்தார். கோர்னர் அங்கே சில காலம் இருந்தார். இந்த இடத்துக்குப் பிறகு ஒருமுறை திரும்ப வருவோம்.

அவர் 1949இல் கிறிஸ் பார்பரின் ஜாஸ் குழுவில் கிதார் வாசிக்கச் சேர்ந்தபோது பிரிட்டனில் ஜாஸ் எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1935 முதல் 1956 வரை அமெரிக்க ஜாஸ் குழுக்கள் பிரிட்டனில் வாசிக்க முடியவில்லை. இசைக்கலைஞர் சங்கங்களுக்கு இடையே இருந்த தகராறும், அதையொட்டி அரசு அனுமதி மறுத்ததும் காரணம். ஆகவே ஜாஸை நேசித்த ஆங்கிலேய இளைஞர்கள் அதைத் தட்டுகளிலிருந்துதான் கற்றார்கள். ஊசியைத் தூக்கி வைத்து, மறுபடி கேட்டு, விரலில் கொண்டுவந்தார்கள். பாடகர்களுக்கு மட்டும் ஒரு சந்து இருந்தது. பல்சுவைக் கலைஞர் என்ற வகையில் அவர்கள் வரலாம். அந்தச் சந்து வழியாகத்தான் அமெரிக்க ப்ளூஸ் பாடகர் பிக் பில் புரூன்சி 1951இல் லண்டன் வந்தார். தட்டில் மட்டும் கேட்ட குரலை நேரில் கேட்டபோது அந்த இளைஞர்கள் அடைந்த பரவசத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பிறகு கென் கோலியரின் ஸ்கிபிள் குழுவிலும் கோர்னர் கிதாரும் மாண்டலினும் வாசித்து டெக்கா நிறுவனத்துக்குப் பதிவு செய்தார். மலிவான கிதார், சலவைப் பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பி கட்டிச் செய்த பாஸ் என்று கையில் கிடைத்ததை வைத்து அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களைப் பாடும் முறைக்குத்தான் ஸ்கிபிள் என்று பெயர். 1956இல் லானி டோனிகனின் பாட்டு ஒன்று வெற்றி பெற்றதும் நாடு முழுவதும் பையன்கள் இதில் இறங்கினார்கள். கோர்னருக்கு அந்த ஆரவாரம் பிடிக்கவில்லை. சிரில் டேவிஸ் என்பவரும் அவருடன் சேர்ந்தார். டேவிஸ் பகலில் கார்களின் நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் தொழிலாளி. இரவில் பன்னிரண்டு கம்பிக் கிதாரும் மவுத் ஆர்கனும் வாசிப்பார். சோஹோவில் வார்டர் தெருவிலிருந்த ரவுண்ட்ஹவுஸ் மதுக்கடையில் இருவரும் வாரம் ஒருமுறை ப்ளூஸ் மன்றம் நடத்தினார்கள். ஸ்கிபிள் நடந்த இடத்தையே ப்ளூஸுக்கு மாற்றினார்கள். தொடக்கத்தில் கூட்டம் போனது. பிறகு மெல்ல மெல்ல வந்தது.

அந்த நாட்களின் தட்டு ஒன்று, 'ரவுண்ட்ஹவுஸிலிருந்து ப்ளூஸ்', 1957இல் வெளிவந்தது. சேரிங் கிராஸ் சாலை 77ஆம் எண்ணில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த டக் டோபல், தன் கடை எண்ணையே பெயராக வைத்து நடத்திய சிறு நிறுவனத்தின் வெளியீடு. மொத்தம் 99 பிரதிகள். நூறைத் தொட்டால் விற்பனை வரி கட்ட வேண்டும். ஒரு நாட்டின் இசையையே மாற்றப்போகிறவர்களின் தட்டை 99 பேர்தான் வாங்க முடிந்தது. அறிமுகம் செய்கிறவனின் வேலை எவ்வளவு சிறிய வட்டத்தில் தொடங்குகிறது பாருங்கள்.

கோர்னரின் வீட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். பேய்ஸ்வாட்டர் பகுதியில் மாஸ்கோ சாலையில் இருந்த அந்த வீட்டில் அமெரிக்காவிலிருந்து வரும் ப்ளூஸ் கலைஞர்கள் வந்து தங்குவார்கள். சொந்த நாட்டிலேயே பல இடங்களில் நிறத்தைக் காட்டி வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். லண்டனில் கோர்னர் தம்பதியின் வீட்டில் விருந்தாளியாக அமர்ந்து பேசினார்கள், பாடினார்கள். 1961இல் கோர்னர் செல்டனாம் ஊருக்குக் கச்சேரிக்குப் போனபோது ஓர் இளைஞன் வந்து பேசினான். லண்டன் வந்தால் வா என்று முகவரி கொடுத்துவிட்டு வந்தார். பிரையன் ஜோன்ஸ் என்ற அந்த இளைஞன் உண்மையிலேயே வந்து நின்றான். ரோலிங் ஸ்டோன்ஸைத் தொடங்கியவன் அவன்தான்.

1958இல் கிறிஸ் பார்பர் அழைத்து சிகாகோ ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் பிரிட்டன் வந்தார். மின் கிதாரில் வாசித்தார். ப்ளூஸ் என்றால் தனிமனிதன் மரக் கிதாருடன் உட்கார்ந்து பாடுவது என்று நம்பியிருந்த பலருக்கு அது அதிர்ச்சி. கோர்னரும் டேவிஸும் அதைச் சரியாகக் கேட்டார்கள். இது நகரத்து இசை, சிகாகோ தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களின் இசை, சத்தம் இதன் உடம்போடு பிறந்தது என்று புரிந்துகொண்டார்கள். ஒலிபெருக்கி வைத்து வாசிக்கத் தொடங்கியதும் சோஹோவில் அவர்களுக்கு இடமில்லாமல் போனது. ஜாஸ் மன்றங்கள் பலவும் கதவைத் திறக்கவில்லை.

ஆகவே நகரத்தின் மேற்கே போனார்கள். ஈலிங் பிராட்வே ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு தேநீர்க்கடைக்குக் கீழே இருந்த நிலவறையில் 1962 மார்ச் 17 அன்று மன்றம் தொடங்கியது. டிரம்ஸில் சார்லி வாட்ஸ். டெனர் சாக்ஸபோனில் டிக் ஹெக்ஸ்டால்-ஸ்மித். சிறிது காலத்தில் பாஸில் ஜாக் புரூஸ் வந்தார். வாட்ஸ் விலகியபின் டிரம்ஸில் ஜிஞ்சர் பேக்கர் உட்கார்ந்தார். இவர்களில் பெரும்பாலோர் ஜாஸ் பயின்றவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ப்ளூஸைத் தூய்மையாகக் காப்பாற்றுவதில் கோர்னருக்கு அக்கறை இல்லை. சார்லி மிங்கஸின் ஜாஸும் மடி வாட்டர்ஸின் ப்ளூஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்தார். டேவிஸ் அப்படி நினைக்கவில்லை. ஊதுகருவிகள் வேண்டாம், சிகாகோ முறை போதும் என்று அந்த ஆண்டே பிரிந்து போனார். 1964 ஜனவரியில், முப்பத்தொரு வயதில், இறந்தும் போனார். பிரிட்டனில் மவுத் ஆர்கனை ப்ளூஸ் வாத்தியமாக்கியவர் அவர். அவரைக் கோர்னரின் நிழலில் வைத்துப் பேசுவது நியாயமில்லை.

ஈலிங் நிலவறையில் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் மேடையேறி ஒரு பாட்டுப் பாடலாம், வாசிக்கலாம். ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை பிரையன் ஜோன்ஸ் மேடையேறிக் கிதாரில் சறுக்கு வாசிப்பு வாசித்தபோது கூட்டத்தில் நின்று வாய்பிளந்து கேட்ட இருவர் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும். ஒரு மேடை மூன்று மனிதர்களைச் சேர்த்து வைத்தது. புரூஸும் பேக்கரும் நான்கு ஆண்டு கழித்து கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனுடன் சேர்ந்து 'கிரீம்' குழுவைத் தொடங்கினார்கள்.

1962 நவம்பரில் டெக்காவின் மலிவு விலைப் பிரிவில் 'மார்க்கீயிலிருந்து ஆர் அண்ட் பி' என்ற தட்டு வந்தது. பெயரில் மார்க்கீ இருந்தாலும் பதிவு நடந்தது டெக்காவின் கூடத்தில். இன்று அதைக் கேட்டால் கோர்னரின் கிதார் முன்னுக்கு வந்து நிற்பதில்லை. டேவிஸின் மவுத் ஆர்கனும் ஹெக்ஸ்டால்-ஸ்மித்தின் சாக்ஸபோனும்தான் காதில் விழுகின்றன. கோர்னர் பின்னால் நின்று தாளத்தைத் தாங்குகிறார். விரல் வேகத்தில் அவரை மிஞ்சியவர்கள் அவர் மேடையிலேயே பலர் இருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. அவர்களைத் தேடிப் பிடித்து ஒன்றாக நிறுத்தும் காது அவருக்கு இருந்தது. அந்தக் காதை நான் எந்த விரல் வேகத்துக்கும் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். அவர் மேடையில் நின்ற பையன்கள் உலகம் சுற்றினார்கள், செல்வந்தரானார்கள். கோர்னர் லண்டனிலேயே இருந்தார். குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இசை அமைத்து வயிறு வளர்த்த காலமும் உண்டு. 1968இல் புதிதாகச் சேர்ந்த நான்கு இளைஞர்களின் குழுவுக்கு 'ஃப்ரீ' என்று பெயர் வைத்துக் கொடுத்தார். அதே ஆண்டில், பர்மிங்காம் பக்கத்திலிருந்து வந்த, யாருக்கும் தெரியாத ராபர்ட் பிளான்ட் என்ற பாடகருடன் பதிவு செய்தார். அவர் லெட் செப்பலின் குழுவில் பாடியது அதன்பிறகுதான். 1970இல் டென்மார்க் பாடகர் பீட்டர் தோரப்புடன் சேர்ந்து நடத்திய 'சிசிஎஸ்' என்ற பெரிய குழு, அந்த லெட் செப்பலினின் பாட்டு ஒன்றை ஊதுகருவிகளோடு வாசித்தது. அந்த இசையைத்தான் பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி 1970களின் பெரும்பகுதியில் முகப்பு இசையாக வைத்திருந்தது. வாரந்தோறும் இலட்சக்கணக்கான வீடுகளில் அது ஒலித்தது. வாசித்தது யார் என்று கேட்டவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

இப்போது பிஞ்ச்டன் மேனருக்கு வருகிறேன். 1960களின் பிற்பகுதியில் தான் வளர்ந்த அந்த இடத்துக்கு கோர்னர் போனார். ஒரு மரக் கிதாரும் தன் குரலும் மட்டும்தான் துணை. அறை நிறையப் பையன்கள். அவர்களில் டாம் ராபின்சன் என்று ஒருவன். தன்னினச் சேர்க்கையாளன் என்பதால், அது குற்றமாக இருந்த நாட்டில், பதினாறு வயதில் தற்கொலைக்கு முயன்று பிழைத்து அங்கே வந்தவன். கோர்னர் பாடி முடித்தபோது தன் வாழ்க்கை எதற்கு என்பது தனக்குத் தெளிவாகிவிட்டதாக ராபின்சன் சொல்லியிருக்கிறார். அவர் 1970களில் புகழ்பெற்ற பாடகரானார். தன்னைப் போன்றவர்களுக்காக வெளிப்படையாகப் பாடினார். பின்னர் பிபிசி வானொலி அறிவிப்பாளராகி, புதிய கலைஞர்களின் இசையைத் தேடித் தேடி ஒலிபரப்பினார். கோர்னரின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. ரோலிங் ஸ்டோன்ஸ் கதையை எல்லோரும் சொல்வார்கள். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி வானொலி. அந்நாளைய பிரிட்டிஷ் வானொலியில் இசைத்தட்டுகளை நினைத்தபடி ஒலிபரப்ப முடியாது. இசைக்கலைஞர் சங்கத்துடனும் தட்டு நிறுவனங்களுடனும் செய்த ஒப்பந்தப்படி, ஒரு நாளில் குறிப்பிட்ட மணிநேரம்தான் தட்டு போடலாம். மற்ற நேரத்துக்குக் கலைஞர்களை நிலையத்துக்கு அழைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். 1962இல் கோர்னரின் குழுவுக்கு வந்த அழைப்புக்குப் பின்னாலும் இந்த ஏற்பாடு இருந்தது. கடலில் கப்பலை நிறுத்தி அனுமதியில்லாமல் நாள் முழுதும் தட்டு போட்ட வானொலிகள் இளைஞர்களை இழுத்தன. அரசு 1967 ஆகஸ்டில் சட்டம் போட்டு அவற்றை முடக்கியது. செப்டம்பர் 30 அன்று பிபிசி தன் இளைஞர் அலைவரிசையான ரேடியோ 1ஐத் தொடங்கியது. பகலில் வெற்றிப் பாடல்கள் ஓடும். இரவிலும் வார இறுதியிலும் தனி ரசனைக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

அந்த இடத்தில் கோர்னர் அமர்ந்தார். 1973இல் ரோலிங் ஸ்டோன்ஸின் வரலாற்றை ரேடியோ 1 தொடராக ஒலிபரப்பியபோது அதைச் சொன்ன குரல் அவருடையது. பிபிசியின் சம்பளக் கணக்கால் மிக் ஜாகரை வெளியே விட்டு வர நேர்ந்தவர், அதே பிபிசியில் உட்கார்ந்து அந்தக் குழுவின் கதையைச் சொன்னார். 1977 முதல் 1981 வரை ஞாயிறு இரவில் ப்ளூஸும் சோல் இசையும் கலந்த நிகழ்ச்சியை அவரே நடத்தினார். சிகரெட்டால் கரகரத்துப் போன, தாழ்ந்த குரல். விளம்பரக்காரர்களும் அந்தக் குரலை விரும்பிக் கூலிக்கு எடுத்தார்கள். வீட்டு வாடகைக்கு அது உதவியது.

ஒரு தட்டைப் போடுவதற்கு முன் இரண்டு வார்த்தை சொல்வது எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. புரூன்சியின் தட்டை அறிமுகப்படுத்தியவருக்கு, புரூன்சியோடு உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கம் இருந்தது. மடி வாட்டர்ஸின் கிதாரைப் பற்றிப் பேசியவர், அந்தக் கிதாருக்காகத் தன் மன்றத்தையே இழந்தவர். வாத்தியத்தைக் கையில் பிடித்தவர் பேசும்போது எது கடினம், எது பாசாங்கு என்று அவருக்குத் தெரியும். கேட்பவருக்கும் அது எட்டிவிடுகிறது. படித்துச் சொல்பவரால் இதை ஈடுசெய்ய முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தக் கதையில் மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. ப்ளூஸ் கறுப்பின மக்களின் சொத்து. பருத்திக் காட்டிலும் சிறைச்சாலையிலும் நகரத்துச் சேரிகளிலும் அவர்கள் உருவாக்கியது. அதை வாசித்து உலகப் பணம் சம்பாதித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார இளைஞர்கள். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது கறுப்பின ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃபையும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். சொந்த நாட்டு ரசிகர்களில் பலருக்கு அவர் அப்போதுதான் அறிமுகமானார். இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. கோர்னர் ஒருவரால் தீர்க்கக்கூடியதும் அல்ல. ஆனால் மூலவர்கள் யார் என்பதை மறைக்காமல், அவர்களை வீட்டுக்கும் மேடைக்கும் ஒலிபரப்புக்கும் கொண்டுவந்தவர் என்ற அளவில் அவர் கடன்பட்டவராக நடந்துகொண்டார். பலர் அதைக்கூடச் செய்யவில்லை.

1978இல் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு பைன்வுட் படப்பிடிப்பு நிலையத்தில் எரிக் கிளாப்டன் முதலியோர் கூடி வாசித்தார்கள். வாட்ஸ், புரூஸ், பியானோ கலைஞர் இயன் ஸ்டூவர்ட் ஆகியோரோடு சேர்ந்து 'ராக்கெட் 88' என்ற குழுவில், இளமையில் கேட்ட பூகி-வூகி பியானோ இசைக்கே அவர் திரும்பினார். 1984 ஜனவரி 1 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது ஐம்பத்தைந்து. பத்தாண்டு கழித்து, 1994 ஏப்ரலில், பக்ஸ்டன் ஊரில் அவர் நினைவாக நடந்த கச்சேரியில் ராபர்ட் பிளான்டும் லெட் செப்பலின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜும் வந்து வாசித்தார்கள். 1996இல் ஹாரி ஷாப்பிரோ அவர் வரலாற்றை விரிவாக எழுதினார்.

அன்பர்களே, உங்களில் வானொலியிலும் இணைய ஒலிபரப்பிலும் இசை நிகழ்ச்சி நடத்தும் இளைஞர்கள் சிலர் இருப்பதாக அறிகிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாடியவர் பெயரோடு நிறுத்தாதீர்கள். பின்னால் வாசித்தவர் யார், அதை அவர் யாரிடம் கற்றார் என்று தேடிச் சொல்லுங்கள். மற்றவர்கள் இன்றிரவு 'மார்க்கீயிலிருந்து ஆர் அண்ட் பி' தட்டைக் கேளுங்கள், இணையத்தில் கிடைக்கிறது. அது பிடித்தால் மடி வாட்டர்ஸையும், அதற்கும் பின்னால் போய் ஜிம்மி யான்சியையும் கேளுங்கள். கோர்னர் உங்களோடு உட்கார்ந்திருந்தால் இந்த வரிசையில்தான் போட்டிருப்பார்.